எனக்குப் பின்னால் வந்தவர்கள்

நான் கலந்துகொண்ட முதல் 10 கிலோமீட்டர் பந்தயத்தில், ஏழாவது கிலோமீட்டரைத் தாண்டிய பிறகு எனக்குப் பின்னால் ஓடி வருபவர் எவரும் இல்லை. மிதிவண்டியில் வந்த ஒரு தன்னார்வலர் மட்டும் இருந்தார். என் வேகத்துக்கு மிதிவண்டியை ஓட்டுவது எளிதல்ல என்பதால், அவ்வப்போது ஒரு காலைத் தரையில் ஊன்றி ஊன்றி அவர் வந்துகொண்டிருந்தார். எனக்காக ஒருவர் இப்படி மெனக்கெட வேண்டியிருக்கிறதே என்ற கூச்சத்தில், நீங்கள் முன்னால் போகலாம் என்று சொன்னேன். "கடைசியாக வருபவரோடு வந்து சேர்வதுதான் என் பொறுப்பு. நீங்கள் நிற்காதவரை நானும் நிற்கமாட்டேன்," என்றார். நாங்கள் இருவரும் எல்லைக்கோட்டை அடைந்தபோது, அங்கே நிறுத்தியிருந்த வளைவின் காற்றை இறக்கத் தொடங்கியிருந்தார்கள். என் நேரம் 1 மணி 31 நிமிடம்.

அன்றிரவு அந்த மனிதரைப் பற்றிப் பத்து வரிகள் எழுதி, பாதி சாய்ந்திருந்த அந்த வளைவின் படத்தோடு இன்ஸ்டாகிராமில் இட்டேன். அதுவரை என் பக்கத்தைப் பார்த்து வந்தவர்கள் 140 பேர்; பெரும்பாலோர் உறவினர்களும் உடன் வேலை செய்பவர்களும். ஒரு வாரத்தில் அந்த எண்ணிக்கை 9,000-ஐத் தாண்டியது. அவர்களைப் பின்தொடர்பவர்கள் என்று சொல்கிறோம். சாலையில் எனக்குப் பின்னால் ஒருவரும் இல்லாத அதே வாரத்தில், திரையில் ஆயிரக்கணக்கானோர் எனக்குப் பின்னால் வரத் தொடங்கியிருந்தார்கள். யார் யாரைப் பின்தொடர்ந்தார்கள் என்பது எனக்குப் புரிய இரண்டு ஆண்டுகள் ஆயின.

நான் 39 வயதில் ஓடத் தொடங்கியவள். பள்ளியில் எந்த விளையாட்டிலும் சேர்ந்ததில்லை. ஓட்டக்காரர்கள் 'பேஸ்' என்று சொல்லும் கணக்கில், ஒரு கிலோமீட்டரைக் கடக்க எனக்கு 8 நிமிடம் 40 விநாடி ஆகும். கென்யாவின் கெல்வின் கிப்டம் 2023 அக்டோபரில் சிகாகோ மாரத்தானை 2 மணி 35 விநாடியில் முடித்தார், 42.195 கிலோமீட்டர் தூரம் முழுவதற்கும் கணக்கிட்டால் ஒரு கிலோமீட்டருக்கு 2 நிமிடம் 52 விநாடிகூட அவருக்கு ஆகவில்லை. நான் ஒரு கிலோமீட்டர் ஓடி முடிப்பதற்குள் அவர் மூன்று கிலோமீட்டர் ஓடியிருப்பார். அந்த ஓட்டத்தின் காணொளியை நான் பலமுறை பார்த்திருக்கிறேன், ஒவ்வொரு முறையும் மெய்சிலிர்த்திருக்கிறேன். ஆனால் மறுநாள் காலையில் படுக்கையிலிருந்து எழுந்து காலணியைக் கட்டுவதற்கு அது ஒருநாளும் உதவியதில்லை. தன்னைப்போல மூச்சு வாங்கும் ஒருவரைப் பார்க்கும்போதுதான், தன்னாலும் முடியும் என்ற எண்ணம் ஒருவருக்கு வருகிறது. என் பக்கத்துக்கு வந்தவர்கள் எழுதிய செய்திகளில் பெரும்பாலானவை இதையே வெவ்வேறு சொற்களில் சொல்லின.

லண்டனின் புஷி பூங்காவில் 2004 அக்டோபர் 2 அன்று 13 பேரோடு தொடங்கிய பார்க்ரன் என்னும் 5 கிலோமீட்டர் ஓட்டம், இன்று இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளில் வாரந்தோறும் நடக்கிறது. அதில் எல்லோருக்கும் பின்னால் வந்து சேர்வதற்கென்றே ஒரு தன்னார்வலர் இருப்பார். ஆகவே, கலந்துகொள்ளும் எவரும் கடைசியாக வந்தவர் ஆவதில்லை. இந்த ஏற்பாட்டை வகுத்தவர்கள் மெதுவாக ஓடுபவரின் மனத்தை நன்றாக அறிந்தவர்கள் என்பது என் எண்ணம். என் மிதிவண்டித் தோழரைப் பற்றிய பதிவு அவ்வளவு தூரம் பரவியதற்கும் இதுவே காரணமாக இருக்க வேண்டும். அதைப் படித்தவர்கள் என்னைவிட அவரைத்தான் விரும்பினார்கள்.

முதல் ஆறு மாதங்கள் உண்மையிலேயே நல்லவை. வாரத்துக்கு நான்கு நாள் ஓடினேன். ஓடிவிட்டு வந்து சில வரிகள் எழுதுவேன்: எந்த இடத்தில் நடக்க வேண்டியிருந்தது, எப்போது விட்டுவிடலாம் என்று தோன்றியது, எது என்னைத் தொடர வைத்தது என்பவற்றை. முதல் முறையாக 400 மீட்டர் நிற்காமல் ஓடியவர்கள் எனக்கு எழுதினார்கள். அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு தெருமுனைவரை ஓடித் திரும்பியதை ஒருவர் எழுதினார். இவற்றைப் படித்துவிட்டுத் தூங்கப்போகும் இரவுகளில், மறுநாள் ஓடாமல் இருப்பதற்கு எனக்கு ஒரு காரணமும் கிடைக்காது.

பிறகு, நான் கவனிக்காத வேகத்தில் ஒரு மாற்றம் நிகழ்ந்தது. அதை விளக்க எனக்கு ஒரு பழைய ஆய்வு உதவுகிறது. 1983-இல் வெளியான அந்த ஆய்வில், சுமார் 80 மீட்டர் நீளமுள்ள ஒரு பாதையில் ஓடியவர்களின் வேகத்தை, அவர்களுக்குத் தெரியாமலே வோரிங்ஹம், மெஸ்ஸிக் என்னும் இரண்டு ஆய்வாளர்கள் அளந்தார்கள். சிலர் ஓடியபோது வழியில் யாரும் இல்லை. வேறு சிலர் ஓடியபோது பாதையின் நடுவே ஒரு பெண் முதுகைக் காட்டியபடி உட்கார்ந்திருந்தார். மற்றவர்கள் ஓடியபோது அதே பெண் அவர்களை நோக்கித் திரும்பி உட்கார்ந்திருந்தார். அவர் முகம் தம்மை நோக்கி இருந்தபோது மட்டுமே ஓடியவர்களின் வேகம் கூடியது. ஒருவர் அருகில் இருக்கிறார் என்பது போதவில்லை. அவர் பார்க்கிறார் என்பதே கால்களை முடுக்கியது.

என் பாதையின் நடுவே உட்கார்ந்திருந்தது என் கைபேசி. காணொளியாக இட்டால் கூடுதலானோர் பார்க்கிறார்கள் என்று தெரிந்த பிறகு, கைபேசியைப் பொருத்தும் ஒரு முக்காலியை வாங்கி, இரண்டாவது கிலோமீட்டர் முடியும் திருப்பத்தில் அதை நிறுத்தி, அதைத் தாண்டி ஓடுவேன். பிறகு திரும்பி வந்து எடுத்துக்கொண்டு செல்வேன். ஒருநாள் என் கடிகாரத்தில் பதிவான வேகக் கோட்டைப் பார்த்தபோது, அந்தத் திருப்பத்தில் மட்டும் அது ஒரு குன்றைப்போல எழுந்து இறங்கியிருந்தது. முக்காலி நிற்கும் முப்பது மீட்டரில் மட்டும் நான் கிலோமீட்டருக்கு ஆறரை நிமிட வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தேன். என்னை நம்பி, தங்கள் மெதுவான ஓட்டத்தைப் பற்றி வெட்கமில்லாமல் எழுதியவர்களுக்கு, நான் அந்த முப்பது மீட்டரைக் காட்டிக்கொண்டிருந்தேன். அதைக் கண்ட அன்று எனக்கு ஏற்பட்ட மனக்கசப்பு இன்னும் நினைவிருக்கிறது. ஆனாலும் முக்காலியை அன்றே தூக்கி எறியவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

காலணி நிறுவனம் ஒன்று எழுதியது. ஒவ்வொரு பதிவிலும் காலணி தெரிய வேண்டும் என்பது நிபந்தனை. மறுத்துவிட்டேன். அதைப் பற்றிச் சொல்ல வேறெதுவும் இல்லை.

பாதை வரைபடத்தைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. 2009-இல் தொடங்கப்பட்ட ஸ்ட்ராவா செயலியில், ஓடிய பாதை ஒரு கோடாக வரைபடத்தின்மேல் விழும். அந்தக் கோட்டைப் பார்ப்பதில் ஒரு மகிழ்ச்சி உண்டு. குழந்தை தான் வரைந்த படத்தைப் பார்ப்பதைப்போல. ஓட்டம் முடிந்ததும் அந்தப் படத்தை அப்படியே இன்ஸ்டாகிராமிலும் இட்டுவந்தேன். அது ஒவ்வொரு நாளும் என் வீட்டு வாசலில் தொடங்கி என் வீட்டு வாசலில் முடிந்தது. ஒரு காலை நான் உடல்நலமின்றி ஓடப் போகாதிருந்தபோது, முன்பின் அறியாத ஒருவரிடமிருந்து செய்தி வந்தது: "இன்று பச்சை வாயில்வரை நீங்கள் வரவில்லையே?" என் பதிவு எதிலும் பச்சை வாயில் என்று நான் எழுதியதில்லை. அவர் அங்கே வந்து நின்றிருந்தார்.

அந்தச் செய்திக்கு நான் பதில் எழுதவில்லை. மூன்று வாரங்கள் வீட்டுக்குள்ளேயே படிகளில் ஏறி இறங்கினேன். ஸ்ட்ராவா வெளியிட்ட உலக வரைபடத்தில், ஆளரவமற்ற பாலைவனங்களின் நடுவே படைவீரர்கள் ஓடிய சுற்றுகள் ஒளிக்கோடுகளாகத் தெரிந்து, மறைவான இராணுவ முகாம்களின் அமைப்பைக் காட்டிக்கொடுத்த செய்தி 2018 ஜனவரியில் உலகெங்கும் பேசப்பட்டது. அதை நான் அப்போதே படித்திருந்தேன். படைகளுக்கு நேர்ந்தது தனி ஒருத்திக்கும் நேரும் என்று யோசிக்கவில்லை. பாதையின் தொடக்கத்தையும் முடிவையும் பிறர் கண்ணிலிருந்து மறைக்கும் வசதி அந்தச் செயலியிலேயே இருக்கிறது. வரைபடம் முழுவதையுமே மறைக்கலாம். இதைப் படிக்கும் பெண்கள் யாராவது தங்கள் பாதையை வெளிப்படையாக வைத்திருந்தால், மேலே படிப்பதை நிறுத்திவிட்டு முதலில் அதை மாற்றிவிட்டு வாருங்கள். ஒரே நேரம், ஒரே பாதை என்ற பழக்கத்தையும் நான் அன்றோடு கைவிட்டேன். அந்தப் பாதை எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

இவ்வளவுக்குப் பிறகும் நான் எழுதுவதை நிறுத்தவில்லை. பார்வையாளர்கள் 30,000 பேரை நெருங்கிக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில், நூறு நாள் இடைவிடாமல் ஓடப்போவதாக அறிவித்தேன்; நாளொன்றுக்குக் குறைந்தது மூன்று கிலோமீட்டர். சில நூறு பேர் தாங்களும் சேர்ந்துகொள்வதாக எழுதினார்கள். 58-ஆவது நாள் எண்ணிக்கை 30,000-ஐத் தொட்டபோது, நன்றி சொல்லும் விதமாக 18 கிலோமீட்டர் ஓடினேன். அதற்கு முந்தைய ஒரு மாதத்தில் நான் ஓடிய மிக நீண்ட தூரம் 11 கிலோமீட்டர்தான்.

அது ஏன் தவறு என்பதை இப்போது என்னால் சொல்ல முடியும். பயிற்சியில் இதயமும் நுரையீரலும் விரைவாகத் தேறிவிடும். சில வாரங்களிலேயே மூச்சு வாங்குவது குறையும், உடல் இன்னும் ஓடலாம் என்று சொல்லும். எலும்பு அப்படியன்று. ஒவ்வொரு ஓட்டத்திலும் அதில் ஏற்படும் நுண்ணிய சேதங்களை உடல் முதலில் அரித்தெடுத்து, பிறகு புதிய எலும்பால் நிரப்புகிறது. அரித்தெடுப்பது விரைவாக நடக்கும். நிரப்புவதற்கோ மாதங்கள் ஆகும். நிரம்புவதற்கு முன்பே மீண்டும் மீண்டும் பாரம் ஏற்றினால் எலும்பு தளர்ந்து விரிசல் விடும். 5,000-க்கும் மேற்பட்ட ஓட்டக்காரர்களின் கடிகாரத் தரவுகளைக் கொண்டு 2025-இல் வெளியான ஓர் ஆய்வு, முந்தைய 30 நாள்களில் ஓடிய மிக நீண்ட தூரத்தைவிட 10 விழுக்காட்டுக்கும் மேல் ஒரே ஓட்டத்தில் கூட்டும்போது காயம் ஏற்படும் வாய்ப்பு தெளிவாக உயர்கிறது என்று காட்டியது. நான் கூட்டியது 60 விழுக்காட்டுக்கும் மேல். நன்றி சொல்வதற்கு வேறு எத்தனையோ வழிகள் இருந்தன.

61-ஆவது நாள் இடது முழங்காலுக்குக் கீழே, முன்னெலும்பின் உட்புறத்தில், ஒரு வலி தொடங்கியது. தசைவலி என்றால் எலும்பு நெடுகப் பரவி இருக்கும்; இது விரல்நுனி வைத்தால் மூடிவிடும் அளவுக்கு ஒரே புள்ளியில் இருந்தது. ஓடத் தொடங்கி நூறு மீட்டருக்குள் குறைந்துவிடும், இரவில் திரும்பி வரும். 66-ஆவது நாள் அது ஓட்டம் முழுவதும் இருந்தது. 70-ஆவது நாள் படியிறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். அந்த நாள்களில் நான் இட்ட பதிவுகள் அனைத்திலும் சிரித்துக்கொண்டிருக்கிறேன். 73-ஆவது நாள் காலணியைக் கட்டிக்கொண்டு எழுந்து நின்றபோது, அந்தக் காலில் எடையை ஊன்ற முடியவில்லை.

எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. தொடக்க நிலை விரிசல் எக்ஸ்ரேயில் தெரியாமல் போவது வழக்கம்தான் என்று சொல்லி, மருத்துவர் எம்ஆர்ஐ எடுக்கச் சொன்னார். அதில் தெரிந்தது. 'ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர்' என்ற அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்குள் முதலில் எழுந்தது வலியைப் பற்றிய கவலை அன்று. மீதி 27 நாள்களுக்கு என்ன இடுவது என்ற கவலை. என்மீது எனக்கு அச்சம் வந்த நாள் அதுதான்.

எட்டு வாரங்கள் ஓடக்கூடாது. நடந்ததை நடந்தபடியே, முக்காலியின் கதை உட்பட, எழுதி வெளியிட்டேன். 2,000 பேருக்கும் மேல் விலகிச் சென்றார்கள். கடுமையான சொற்களும் வந்தன. அவற்றில் சில நியாயமானவை. ஆனால் அந்த வாரம் வந்த செய்திகளில் ஒன்று மட்டும் என்னைத் தூங்கவிடவில்லை. நூறு நாள் ஓட்டத்தில் என்னோடு சேர்ந்திருந்த ஒருவர், தனக்கும் அதே இடத்தில் வலி இருப்பதாகவும், என்றைக்கு எனக்கு வலி தொடங்கியது என்று அறிய விரும்புவதாகவும் கேட்டிருந்தார். 61-ஆவது நாள் என்றேன். அவருக்கு 59-ஆவது நாள். "நீங்கள் தினமும் ஓடுவதைப் பார்த்து, இது எல்லோருக்கும் வரும் வலிதான் என்று நினைத்துத் தொடர்ந்து ஓடினேன்," என்று எழுதினார். நான் அவருக்கு உண்மையைச் சொன்னேன்: நீங்கள் எல்லோரும் ஓடுகிறீர்கள் என்பதால்தான் நானும் ஓடினேன். இரண்டு பேர், ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே, வலிக்கும் எலும்போடு ஓடியிருக்கிறோம். மருத்துவரைப் பார்க்கும்படி கெஞ்சினேன். பார்த்தார். அவருக்கு விரிசல் அளவுக்குப் போகவில்லை.

படுத்திருந்த வாரங்களில்தான், ஓட்டம் தொற்றும் என்று சொல்லும் ஆய்வு ஒன்றைப் படித்தேன். சினான் அரல், கிறிஸ்டோஸ் நிக்கோலாய்டஸ் இருவரும் 2017-இல் வெளியிட்டது; சுமார் 11 லட்சம் பேர் ஐந்து ஆண்டுகளில் ஓடிப் பதிவு செய்த 35 கோடி கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஓட்டங்களை ஆராய்ந்தது. ஒருவர் இருக்கும் ஊரில் மழை இல்லாமல், அவருடைய நண்பர் இருக்கும் ஊரில் மழை பெய்து அவர் ஓடாமல் இருந்தால், இவருடைய ஓட்டம் மாறுகிறதா என்று பார்த்தார்கள். மாறியது. நண்பர்கள் கூடுதலாக ஓடிய நாளில் இவரும் கூடுதலாக ஓடினார். என்னை வியக்க வைத்தது அடுத்த முடிவு: குறைவாக ஓடுபவர்கள் அதிகமாக ஓடுபவர்களைத் தூண்டினார்கள், அதிகமாக ஓடுபவர்கள் குறைவாக ஓடுபவர்களை அவ்வாறு தூண்டவில்லை. பின்னாலிருந்து ஒருவர் நெருங்கி வருவதே முன்னால் ஓடுபவரை ஓடவைத்தது.

இரண்டு ஆண்டுகளாக 'நீங்கள் எங்களுக்கு ஊக்கம்' என்று எனக்கு எழுதியவர்களை நினைத்துக்கொண்டேன். 400 மீட்டர் ஓடியவர்களும், தெருமுனைவரை போய் வந்தவரும்தான் என்னை எழுப்பி, காலணி கட்ட வைத்து, சாலைக்கு அனுப்பியவர்கள். நான் அவர்களுக்குச் செய்ததாக நினைத்துக்கொண்டிருந்ததை அவர்கள் எனக்குச் செய்திருந்தார்கள். இதை நான் பணிவுக்காகச் சொல்லவில்லை. என் ஓட்டப் பதிவேட்டைப் புரட்டினால், நான் அதிகம் ஓடிய வாரங்கள் எல்லாம் எனக்கு அதிகக் கடிதங்கள் வந்த வாரங்களாகவே இருக்கின்றன.

பெரும் கூட்டம் பார்ப்பதே கேடு என்று நான் சொல்ல வரவில்லை. பிரிட்டனின் ரஸ் குக், தென்னாப்பிரிக்காவின் தென்கோடியிலிருந்து துனிசியாவின் வடமுனைவரை 16,000 கிலோமீட்டருக்கும் மேல் ஓடி, 352-ஆவது நாளான 2024 ஏப்ரல் 7 அன்று முடித்தார். அல்ஜீரியாவுக்கான விசா கிடைக்காமல் பயணமே நின்றுவிடும் நிலை வந்தபோது, அவர் வெளியிட்ட காணொளியைப் பார்த்தவர்கள் எழுப்பிய குரலால்தான் வழி திறந்தது. அறக்கொடையாகப் பத்து லட்சம் பவுண்டுக்கும் மேல் திரட்டினார். வழியில் முதுகுவலி முற்றியபோது அவரும் ஓட்டத்தை நிறுத்தி ஓய்வெடுத்தார், அதை வெளிப்படையாகவும் சொன்னார். அந்தக் காணொளிகளை நான் காயத்துக்கு முன்பும் பார்த்திருக்கிறேன். ஓய்வெடுத்த நாள்களின் காணொளிகளை அப்போது தள்ளிவிட்டுப் பார்த்திருக்கிறேன்.

இப்போது ஓடிய அன்று எதையும் வெளியிடுவதில்லை. மறுநாள் மாலை எழுதுகிறேன். அந்த ஒரு நாள் இடைவெளியில் என்ன நடக்கிறது என்று முழுவதும் விளக்கத் தெரியவில்லை. ஆனால் ஓடும்போதே வாக்கியங்கள் தலைக்குள் உருவாகிக்கொண்டிருந்தது நின்றுவிட்டது. காலடிச் சத்தம் கேட்கிறது. கிலோமீட்டர்தோறும் ஒலிக்கும் கடிகார மணியை அணைத்து வைத்திருக்கிறேன். ஒரு முழு வாக்கியத்தை மூச்சு தடைபடாமல் சொல்ல முடிகிறதா என்று பார்த்து வேகத்தை அமைத்துக்கொள்கிறேன். முக்காலி வீட்டில் இல்லை.

எட்டு வாரங்கள் முடிந்து மீண்டும் தொடங்கியபோது, ஒரு நிமிடம் ஓட்டம், நான்கு நிமிடம் நடை, இப்படி ஆறு முறை என்று பிசியோதெரபிஸ்ட் எழுதிக் கொடுத்தார். அந்த அட்டவணையை அப்படியே வெளியிட்டேன். இது எனக்காக எழுதப்பட்டது, யாரும் இதைப் பின்பற்ற வேண்டாம் என்ற குறிப்பையும் சேர்த்தேன். அன்று 52 வயதுப் பெண் ஒருவர் எழுதினார். வாழ்க்கையில் முதல் முறையாக ஓடத் தொடங்கி அன்றோடு மூன்று நாள் ஆகியிருந்தது. அவருடைய பயிற்சியாளர் கொடுத்திருந்ததும் ஒரு நிமிட ஓட்டம், நான்கு நிமிட நடைதான். அடுத்த ஆறு வாரங்கள் நாங்கள் இருவரும் ஒரே அளவில் கூட்டிக்கொண்டே வந்தோம். ஏழாவது வாரம் எனக்குக் கால் கனத்ததால் ஒரு படி பின்னுக்குப் போகச் சொன்னார்கள். அவர் மேலே போனார். பத்தாவது வாரம், நடக்காமல் மூன்று கிலோமீட்டர் ஓடிவிட்டதாக எழுதி, நான் எந்த அளவில் இருக்கிறேன் என்று கேட்டிருந்தார். ஆறு நிமிட ஓட்டம், ஒரு நிமிட நடை என்று பதில் அனுப்பினேன். மறுநாள் காலை பிசியோதெரபிஸ்டிடம், ஏழு நிமிடமாக்கிக்கொள்ளலாமா என்று கேட்டேன். காலை அழுத்திப் பார்த்துவிட்டு, இன்னும் ஒரு வாரம் போகட்டும் என்றார். சரி என்று சொல்லிவிட்டு, ஆறு நிமிடமே ஓடினேன்.